பேரைச் சொல்லிட்டு வாங்க

பகலெல்லாம் சிமெண்ட் கலவை தூக்கிய கையில் அரிதாரம் பட்டால் எரியும். மணிமொழிக்கு அது பழகிப்போயிருந்தது. காலையில் வேங்கிக்கால் பக்கம் புது வீடு எழும்புகிற ஏதாவது ஒரு தெருவில் சித்தாள் வேலை. பங்குனியிலும் ஆடியிலும் கூத்து வைக்கிற ஊர்களில் சாயந்திரம் ராணி வேஷம்.

எந்தக் கதையானாலும் அதில் ஒரு ராணி இருப்பாள். அவளைச் சபைக்கு மயிரைப் பிடித்து இழுத்து வருவார்கள். இழுக்கிற தளபதி வேஷம் ஆதிமூலத்துடையது. அவர்தான் அந்தக் கூத்து ஜமாவுக்கு வாத்தியார். டோப்பா மயிர் பிடித்தால் கையோடு வந்துவிடும் என்று சொந்த மயிரையே பிடிப்பார். வேகம் வந்துவிட்டால் அவருக்குக் கை நிதானம் இருக்காது. மணிமொழி ஆறு வருஷமாக இழுபட்டாள், ஆறு வருஷமாக அழுதாள். சில ஊர்களில் பெண்கள் கற்பூரம் ஏற்றி அவள் காலில் விழுவார்கள். மறுநாள் அதே ஊர்க்காரர் கட்டுகிற வீட்டில் அவள் செங்கல் தூக்கிக்கொண்டு போவாள். "ஏய் சித்தாளு, அங்க இன்னா வேடிக்கை" என்பார்கள். நேற்று விழுந்து கும்பிட்டது இந்தக் காலில்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை.

அழுது சலித்துப்போய் அவள் கேட்டது கட்டியக்காரன் வேஷம்.

கூத்தில் கோமாளி அவன்தான். கூம்புக் குல்லாவும் கையில் கோலுமாக முதலில் வருவான், கடைசிவரை நிற்பான். ராஜாவானாலும் மந்திரியானாலும் இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். கட்டியக்காரன் கோலைக் குறுக்கே நீட்டிக் கேட்பான்: யார் நீ, எந்த ஊர், என்ன ஜோலியாக வந்தாய்? பதில் சொன்னால்தான் திரை விலகும். நாட்டையே ஆள்கிறவன் ஒரு கோமாளிக்குப் பேர் சொல்லிவிட்டு உள்ளே வருவான். அதற்குப் பிறகு அவனைக் கட்டியக்காரன் எப்படிக் கிண்டல் செய்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது கூத்து தோன்றின நாளாக உள்ள வழக்கம். அந்த வேஷத்தைப் பெண் கட்டியதில்லை என்பதும் அதே அளவு பழைய வழக்கம்.

அதுவரை அதைக் கட்டிய வேணு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனதில்தான் அந்தக் குல்லா காலியானது.

"பொம்பள அழுதா ஜனமும் அழும் மணி," என்றார் ஆதிமூலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய டீக்கடை. ஜமாவின் புக்கிங் ஆபீசும் அதுதான். "பொம்பள கிண்டல் பண்ணா எவன் உக்காந்து கேப்பான்?"

"ஆம்பள பொடவ கட்டிக்கினு அழுதப்ப மட்டும் எப்பிடி உக்காந்து கேட்டாங்க வாத்தியாரே?"

ஆதிமூலம் பாலை ஆற்றினார். மீசை முளைத்த காலத்திலிருந்து அதைச் சிரைத்துவிட்டுப் பெண் வேஷம் கட்டியவர் அவர். மணிமொழி வந்த பிறகுதான் மீசை வைத்தார். இப்போது அதை முறுக்கிவிடாமல் கடையைக்கூடத் திறப்பதில்லை.

மத்தளம் அடிக்கிற காசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மணிமொழியின் புருஷன். "வூட்ல கட்டியக்காரி வேஷம் கட்றது போதாதுன்னு மேடையிலயும் வேணுமாம் வாத்தியாரே. எதுக்கும் குடுத்துப் பாருங்க. எனக்காச்சும் ரெஸ்ட் கெடைக்கும்."

"நீ மூடு," என்றாள் அவள்.

வேறு ஆளும் கிடைக்கவில்லை. வசனம் முழுக்கத் தெரிந்தவளும் அவள்தான். ராணி வேஷத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அருள்ராஜ் என்கிற பையனைக் கூலிக்குப் பேசிக்கொண்டு, சின்ன ஊர்களில் ஒன்றிரண்டு ஆட்டம் விட்டுப் பார்த்தார் ஆதிமூலம். பெட்ரோல் விலை, செல்போன், மாமியார் மருமகள் என்று மணிமொழி அடித்த கிண்டலுக்குச் சிரித்தார்கள். ஆண்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"டவுன்ல கிணத்துமேட்டுத் தெரு ஆடித் திருவிழா புக் ஆயிருக்குது," என்றார் ஆதிமூலம். "அதுல நல்லா போச்சுன்னா குல்லா உனுது. வம்பு வந்துச்சுன்னா மறுபடி ராணிதான். சரியா?"

"சரி."

"கட்சி, மேயர், மந்திரி எதுவும் வாயில வரக்கூடாது. அந்த வார்டு கவுன்சிலரு புகழேந்திதான் மேடைக்கும் மைக்குக்கும் செலவு பண்றாரு."

"கவுன்சிலர் ரேணுகாம்பா அக்கா இல்ல?"

"பேப்பர்ல," என்றார் ஆதிமூலம்.

அந்த வீட்டை மணிமொழிக்குத் தெரியும். அவர்கள் மாடி எடுத்தபோது கல்லும் கலவையும் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. வாசலில் பெரிய பலகையில் ரேணுகாம்பாள் புகழேந்தி, மாமன்ற உறுப்பினர் என்று இருக்கும். காலையில் ஆட்கள் வந்து, "கவுன்சிலர் இருக்காருங்களா?" என்று கேட்பார்கள். கவுன்சிலராக ஜெயித்த ரேணுகாம்பாளே வாசலுக்கு வந்து, "குளிக்கிறாரு, உக்காருங்க" என்பாள். அந்த வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கினபோது கட்சியில் இருந்த புகழேந்தி பெண்டாட்டி பெயரில் நின்றார். போஸ்டரில் அவர் படம் பெரியது, அவள் படம் சின்னது. மாமன்றக் கூட்டத்துக்கு அவள் போவாள். அவர் வெளியே வராந்தாவில் போனோடு நிற்பார். அவர் கையைத் தூக்கு என்ற நாளில் தூக்குவாள்.

ஒன்றும் தெரியாதவள் இல்லை ரேணுகாம்பாள். அதற்கு முன்னால் மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்தவள். பேங்க் மேனேஜரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் என்று தெருப் பெண்கள் இன்றும் சொல்வார்கள். வேலையாட்களுக்கு டீ கொடுப்பாள், ஆனால் பேப்பர் கப்பில்தான். அதையும் மணிமொழி மறக்கவில்லை. ஒருநாள் கப்பை நீட்டும்போது தானாகவே சொன்னாள்:

"எம் பேரு ரேஷன் கடையில, லைட்டுக் கம்பத்துல, பெஞ்சுல எல்லாம் எழுதி வச்சிருக்குது மணிமொழி. கூப்புடத்தான் ஒரு ஆளு இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மணிமொழி டீயைக் குடித்துவிட்டுப் பாண்டுச்சட்டியை எடுத்தாள்.

கிணத்துமேட்டுத் தெருவில் பத்து மணிக்கு மைக்கை நிறுத்திவிட வேண்டும் என்று போலீஸ் அனுமதி. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே மத்தளம் கேட்டுவிட்டது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த ஜனம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குத் தார்ப்பாய். மேடைக்கு இடது பக்கம் சாக்கடை நிரம்பி நின்றது. மழை பெய்தால் வீட்டுக்குள் வருகிற சாக்கடை அது. பிளீச்சிங் பவுடரை மேலே தூவி, வாழை மரத்தைக் கட்டி மறைத்திருந்தார்கள். நாற்றத்தை மறைக்க முடியவில்லை.

மணிமொழி குல்லாவோடு வந்து ஆடினாள். முதல் சிரிப்பு வர நேரம் பிடித்தது. டவுன் ஜனம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. "இன்னா எல்லாரும் இப்பிடி பாக்குறீங்க? பொண்ணு பாக்க வந்தீங்களா? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அதோ மத்தளம் அடிக்குது பாருங்க, அதான். ஜாஸ்தி சத்தம் போடும். மேடையில மட்டும்," என்றாள். காசி மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டித் தலையைத் தொங்கப்போட்டான். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பிறகு ஆண்களும் சிரித்தார்கள். ராஜா திரைக்குப் பின்னால் வந்து நின்றார். கோலை நீட்டிப் பேர், ஊர், ஜோலி கேட்டாள். ராஜா பாட்டாகப் பதில் சொன்னார். திரை விலகியது. எல்லாம் நன்றாகத்தான் போனது.

ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்த பிறகு ஆட்டத்தை நிறுத்தி, ஊர்ப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போடுவது வழக்கம். பெயர் கூப்பிடுவதும் கட்டியக்காரன் வேலை. விழாக் கமிட்டி எழுதிக் கொடுத்த சீட்டை மணிமொழி மைக்குக்கு நேராகப் பிடித்து வாசித்தாள்.

"நம்ம வார்டு மாமன்ற உறுப்பினர் திருமதி ரேணுகாம்பாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

முதல் வரிசையில் புகழேந்தி எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். இரண்டு பக்கமும் திரும்பிக் கைகூப்பினார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் என்ன இருக்கிறது? அந்த வார்டில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்திருக்கிறவர் அவர்தான். பள்ளிக்கூட விழாவிலும் அப்படித்தான், ரேஷன் கடை திறப்பிலும் அப்படித்தான். பெண்கள் நடுவில் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாள் தன் பெயரைக் கேட்டு அசையக்கூட இல்லை. புகழேந்தி யாரையும் ஏமாற்றவும் இல்லை. அந்தப் பெயர் தன்னுடையது என்றே அவருக்குப் பழகியிருந்தது.

அவர் மேடைப் படியில் கால் வைத்தார். மணிமொழியின் கோல் குறுக்கே போனது.

அவள் யோசித்துச் செய்யவில்லை. சபைக்குள் யார் ஏறினாலும் கோலை நீட்டிக் கேட்பது அந்த வேஷத்தின் வேலை. இப்போதுதான் ராஜாவைக் கேட்ட கை, அந்தச் சூட்டில் தானாக நீண்டது. வாயும் தானாகக் கேட்டது.

"நில்லுங்க. யாரு? எந்த ஊரு? இன்னா ஜோலியா வந்தீங்க?"

"வழிய வுடும்மா," என்றார் புகழேந்தி சிரித்துக்கொண்டே.

அவளும் கோலை எடுத்துவிடத்தான் பார்த்தாள். ஆதிமூலத்தின் எச்சரிக்கை நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் இன்னொன்று சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னதாக நினைத்திருப்பார். மேலே தொங்கிய மைக் அதை வாங்கித் தெரு முனைவரை கொண்டுபோனது.

"அழுவுற வேஷம் கட்றவதான நீ? அதக் கட்டிக்கினு போ. உனுக்கு இதெல்லாம் வேணாம்."

மணிமொழி அவரைப் பார்த்தாள். கோல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கட்டியக்காரி கேட்டா மகாராசாவே பேர் சொல்லிட்டுதாங்க வர்றாரு. நீங்களும் சொல்லிட்டு வாங்க. எனக்குத் தெரியும். சபைக்குத் தெரியணும்ல."

"தெரியாதா யாருக்காச்சும்?" அவர் ஜனத்தின் பக்கம் திரும்பினார். "புகழேந்தி."

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குல்லாவைக் கழற்றி உள்ளே பார்த்தாள். "அந்தப் பேரு எங்கயும் காணோமே. ரேணுகாம்பாள்னு போட்டிருக்குது. திருமதி வேற போட்டிருக்குது." அவர் மீசையைக் குனிந்து பார்த்தாள். "நீங்களா திருமதி?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, வாயைப் பொத்திக்கொண்டது.

"ஒண்ணும் தப்பில்லீங்க. ஆம்பள பொம்பள வேஷம் கட்றது எங்க கூத்துல காலங்காலமா இருக்குது. எங்க வாத்தியாரே கட்டினவருதான். ஆனா அதுக்கு ஒரு மொற இருக்குது. மீசைய எடுக்கணும். பொடவ கட்டணும். பொடவ கட்டி ஆடிப் பாருங்க, இடுப்பு இன்னா வலி வலிக்கும்னு தெரியும். நீங்க இன்னாடான்னா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு, மீசைய முறுக்கிக்கினு, வலியே இல்லாம இத்தினி வருசமா பொம்பள வேஷம் கட்டிக்கினு இருக்கீங்க. எந்த ஜமாவுலங்க கத்துக்கினீங்க?"

இந்த முறை யாரும் வாயைப் பொத்தவில்லை. தார்ப்பாய் முழுக்கச் சிரித்தது. நாற்காலிப் பக்கமும் பின்வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது. புகழேந்தியோடு வந்த கட்சிப் பையன் ஒருவன் எழுந்து, "ஏய், யார்கிட்ட பேசினு இருக்கிற? எறங்கு கீழ," என்றான். சிரிப்பு சட்டென்று அடங்கியது. மேடையின் பின்திரை விலகி, பாதி அரிதாரம் பூசிய ஆதிமூலத்தின் முகம் எட்டிப் பார்த்தது. ஒரு கண்ணுக்கு மை இருந்தது, மற்றதற்கு இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியது.

குல்லா போனது என்று மணிமொழிக்குத் தெரிந்துவிட்டது. இனி அழுவதுதான். ஒரு மன்னிப்புச் சொன்னால் ஒருவேளை தப்பலாம். நாக்கு நுனியில் அது வந்து நின்றது.

அப்போது காசி மத்தளத்தில், தாளத்தை முடித்துவைக்கும் ஒரு தீர்மானம் வைத்தான். ராஜா வரும்போது வைக்கிற தீர்மானம், முழுசாக, அவசரப்படாமல். வைத்துவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டான்.

தார்ப்பாயிலிருந்து பூக்கார மதிவதனி குரல் கொடுத்தாள். "பேரத்தானய்யா கேக்குது. அந்தப் பேரு உனுதா இல்லியா, சொல்லிட்டுப் போயேன்."

மணிமொழி நிமிர்ந்தாள். சீட்டை மறுபடி மைக்குக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

"மாமன்ற உறுப்பினர் ரேணுகாம்பாள்."

எல்லாத் தலையும் தார்ப்பாய் பக்கம் திரும்பியது. ரேணுகாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது சிரிப்பு இல்லை. முந்தானையை எடுத்தாள், இடுப்பில் செருகினாள். பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட, நடந்து வந்தாள்.

படியருகே புகழேந்தி, "போய் உக்காரு," என்றார்.

"பேர் கூப்புடறாங்க இல்ல," என்றாள் அவள்.

மணிமொழி கோலை எடுக்கவில்லை. அவளுக்கும் குறுக்கேதான் நீட்டினாள். "யாரு?"

"ரேணுகாம்பாள்."

"எந்த ஊரு?"

"பொறந்தது கலசபாக்கம். வாக்கப்பட்டது இந்தத் தெரு."

"இன்னா ஜோலியா வந்தீங்க?"

தெருவே காத்திருந்தது. ரேணுகாம்பாள் மைக்கைப் பார்த்தாள். மகளிர் குழுக் கூட்டத்தில் பேசின குரல் அவளுக்குள் எங்கே இருந்ததோ, தேடி எடுக்க நேரம் ஆனது.

"நான் இந்த வார்டு கவுன்சிலரு."

கோல் விலகியது. அவள் ஏறி வந்தாள். பெண்ணுக்கு ஆண் பொன்னாடை போர்த்தக் கூடாது என்பதால், ஆதிமூலம் திரைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிப் பொன்னாடையைக் கொடுத்தார். மணிமொழி வாங்கிப் போர்த்தினாள்.

"அப்ப எங்க சாக்கடைக்கு இன்னா பதிலு கவுன்சிலரே?" என்றாள் மதிவதனி கீழேயிருந்து.

"திங்கக்கிழம ஆபீசுல இருப்பேன். அங்க வந்து சொல்லுங்க," என்றாள் ரேணுகாம்பாள். படி இறங்கப் போனவள் திரும்பி, "வூட்டுக்கு வராதீங்க. வூட்ல அவரு இருப்பாரு," என்றாள்.

புகழேந்தி அதற்குள் ஒரு சிரிப்பை வரவழைத்து, "கூத்துன்னா கூத்துதான்" என்று இரண்டு பேரிடம் சொன்னார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலி வரிசையைத் தாண்டி வெளியே போனார். பிறகு திரும்பி வரவில்லை.

மிச்ச ஆட்டம் நடந்தது. ஆதிமூலம் தளபதியாக வந்து ராணியை இழுத்தார். அவருக்கு இருந்த ஆத்திரத்துக்கு அருள்ராஜின் மயிர்தான் அகப்பட்டது. அன்றைக்கு அவன் நடிக்காமலே அழுதான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனபோது மேஸ்திரி மணிமொழியைப் பார்க்காமல் சொன்னார்: "நாளையிலருந்து நீ வேணாம். மேல சொல்லிட்டாங்க." அங்கே எழும்புகிற வீட்டுக்கு ஜல்லியும் மணலும் இறக்குகிறவர் புகழேந்தியின் பங்காளி. காசி மட்டும் கூலி கொண்டுவர, அந்த வாரம் வீட்டில் ரசம்தான் ஓடியது.

ஆதிமூலம் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"கிணத்துமேட்டுத் தெரு அடுத்த வருசம் இல்ல. அந்தாளு போன் பண்ணி, புக் ஆன ரெண்டு ஊரு கேன்சல். அருள்ராஜு வேற ஜமாவுக்குப் போயிட்டான். தல வலிக்குதாம். திருப்தியா?"

"நான் வம்புக்குப் போகல வாத்தியாரே. பேரு கேட்டேன்."

"கேட்ட. அதோட வுட்டியா? என்னிய வேற நடுவுல இஸ்து வுட்ட." அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பேசினபடி குல்லாவ வை. வர்ற ஆட்டத்துக்கு நீ ராணி."

மணிமொழி உள்ளே போய்க் குல்லாவைக் கொண்டுவந்தாள். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். "வம்பு வந்தா ராணின்னு பேசினோம். நெசந்தான். ஆனா இனிமே எனக்கு அழ வராது வாத்தியாரே. நீங்க எவ்ளோ இழுத்தாலும் வராது. மேடையில நின்னு நான் அழாம இருந்தா உங்குளுக்குத்தான் அசிங்கம். அழ வேற ஆளு பாத்துக்குங்க. குல்லாக்கு வேற ஆளு கெடைச்சா சொல்லுங்க, குடுத்துடறேன்."

"பேச்சப் பாரு," என்றார் ஆதிமூலம் காசியிடம்.

"என்னிய எதுக்கு கேக்குறீங்க?" என்றான் காசி. "நான் மத்தளம்."

ஆதிமூலம் குல்லாவை வாங்காமலே போனார்.

ரேணுகாம்பாள் ஆபீசுக்கு வரச் சொன்ன திங்கட்கிழமை மணிமொழியால் போய்ப் பார்க்க முடியவில்லை. வேறு ஒரு மேஸ்திரியிடம் அன்றுதான் வேலை கிடைத்திருந்தது. மதிவதனி போய்விட்டு வந்து, சில நாள் கழித்துப் பூக்கூடையோடு வழியில் நிறுத்திச் சொன்னாள். ரேணுகாம்பாள் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். புகழேந்தி வெளியே பெஞ்சில் இருந்தாராம். உள்ளே வந்தவர்கள் எல்லாம் பழக்கத்தில் முதலில் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போனார்களாம். உள்ளே கையெழுத்துப் போடும்போது அவள் இரண்டு தரம் வாசற்பக்கம் பார்த்தாளாம். மூன்றாவது தரம் பார்க்கவில்லையாம்.

"சாக்கடை?"

"மிஷின் வந்துச்சு. தொறந்துச்சு. அடைப்பு ரோட்டுக்கு அந்தாண்டன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. மறுபடி போகணும்," என்றாள் மதிவதனி. "ஆனா ஒண்ணு. இந்தத் தெருவுல இப்ப கவுன்சிலர் இருக்காரான்னு எவனும் கேக்க முடியல. கேட்டா, எந்தக் கவுன்சிலரு, மீசை வச்சதா வைக்காததான்னு கேக்குதுங்க."

ஆடி முடிகிற வாரம், ஆதிமூலத்தின் டீக்கடைக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மகளிர் குழுப் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஊரிலும் வார்டு உறுப்பினராக ஒரு பெண் இருந்தாள். வேனில் அவளும் வந்திருந்தாள். புருஷனை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். டீ குடித்துவிட்டுக் கூத்துக்குத் தேதி கேட்டார்கள். ஆதிமூலம் சொன்னார். பிறகு அவர்களில் ஒருத்தி கேட்டாள், "அந்தப் பொம்பள கட்டியக்காரி வருவாங்க இல்ல? அவங்க இல்லன்னா எங்களுக்குக் கூத்து வேணாங்க."

ஆதிமூலம் கிளாசைக் கழுவினார். கழுவின கிளாசையே மறுபடி கழுவினார். "வருவாங்க," என்றார்.

ஆட்டத்து நாள் சாயந்திரம், அந்த ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பறையில் வேஷம் கட்டினார்கள். மணிமொழி குல்லாவோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். கையில் அரிதாரம் எரிந்தது. தளபதி வேஷத்துக்குக் கத்தவும் இழுக்கவும் தெரிந்தால் போதும். அதற்கு உடனே ஆள் கிடைத்துவிட்டது. ராணியாக அழத்தான் எங்கு தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

ஆதிமூலம் ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பிளேடை எடுத்தார். ஒரு பக்கம் சிரைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதையும் எடுத்தார். காசி மத்தளத்தை மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"சிரிடா, சிரி," என்றார் ஆதிமூலம். புடவையைச் சுற்றிக்கொண்டு மணிமொழியின் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் அவர் தலையில் கொஞ்சம் இருந்த மயிரோடு சவுரியைச் சேர்த்து, இறுக்கிப் பின்னினாள்.

"யம்மா. மெதுவா."

"இதுக்கேவா? இன்னும் சபைக்கே போகலியே."

"அந்தத் தளபதிப் பையன்ட்ட சொல்லி வை. பாத்து இழுக்கணும். கை நெதானம் வேணும்."

"ஆறு வருசமா நானும் அதத்தான் சொல்லினு இருந்தேன்."

ஆதிமூலம் தலையைத் தடவிக்கொண்டு, "அவ்ளோ வலிச்சுதா?" என்றார்.

"இப்பத் தெரிஞ்சுடும்," என்றாள் அவள். ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்துச் செருகினாள். "பொம்பள வேஷம் கட்டி ரொம்ப நாளாச்சே. அழ வருமா வாத்தியாரே?"

"உன்ன கட்டியக்காரியா வச்சிக்கினு எனக்கு அழ வராதா?"

வெளியே மத்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். காசி எழுந்து போனான். தார்ப்பாயில் பெண்கள் முன்வரிசையை முன்பே பிடித்திருந்தார்கள். மணிமொழி கோலை எடுத்துக்கொண்டு படியேறினாள்.